கடைசி மேஜை

டார்லாவும் ஐனாவும் பேச்சை நிறுத்திப் பன்னிரண்டு வாரங்கள் ஆகிவிட்டன. தொடர்ந்து படிக்கிறவர்களுக்குக் காரணம் தெரியும். இந்த வாரம்தான் வந்து உட்காருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஸ்லேட் பே ஊரில் மசாஜ் செய்கிறவர்கள் இரண்டே பேர், இருவரும் ஒரே குடும்பம். ஐனா, ஈரோவின் அக்கா. டார்லா, ஈரோவின் மனைவி. ஏரிக்கரைத் தெருவின் ஒரு கோடியில் ஒருத்தியின் அறை, மறுகோடியில் இன்னொருத்தியின் அறை. என் இடது தோளை இருவருமே பிடித்துவிட்டிருக்கிறார்கள். யார் கை சிறந்தது என்று மட்டும் கேட்காதீர்கள், நான் இந்த ஊரிலேயே இருந்தாக வேண்டும்.

நாளெல்லாம் ஊர் உடம்பைப் பிடிக்கிறவர்களின் உடம்பை யார் பிடிப்பது? அதற்கு அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் புதன்கிழமை மாலை, இவள் அவளுக்கு ஒரு மணி நேரம், அவள் இவளுக்கு ஒரு மணி நேரம். ஒன்பது வருடமாக ஒரு புதனும் தவறியதில்லை.

நவம்பரில் தவறியது. மலைமேல் புதிதாகத் திறந்த பனிச்சறுக்கு விடுதியில் மசாஜ் வேலையை இருவரும் சேர்ந்து கேட்பது என்று பேசிவைத்திருந்தார்கள். ஐனா தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். கேட்டபோது, "முதல்ல போனவளுக்குத்தானே கிடைக்கும்" என்றாள். அன்றைய கத்தல் தெருவுக்கே கேட்டது.

ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டார்லாவுக்கு மட்டும் தெரிந்தது இன்னொன்று.

ஐனாவின் இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு. ஒன்பது வருடமாக டார்லாவின் கைக்குப் பழகிய மச்சம். பழுப்பாக, தட்டையாக, தன்பாட்டுக்கு இருக்கும். அந்தக் கடைசிப் புதன்கிழமை அதன் மேல் ஓரம் கறுத்து, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. மேஜையில் படுத்திருப்பவரிடம் இதைச் சொல்லிப் பயமுறுத்தக் கூடாது, எழுந்து உடுத்தி உட்கார்ந்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் கற்றுக்கொள்கிற முதல் பாடம். டார்லா காத்திருந்தாள். ஐனா உடுத்திக்கொண்டு வந்தாள். டார்லா வாயைத் திறக்குமுன் விடுதிச் செய்தியைச் சொன்னாள்.

மச்சப் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் டார்லா ஐனாவின் குறிப்பேட்டை எடுத்து, தேதி போட்டு, இடம், நிறம், அளவு எல்லாம் எழுதினாள். பழக்கம் விடவில்லை. எழுதியவளால் ஒரு போன் செய்ய முடியவில்லை. அந்த வாரம் கோபம். அதற்கு அடுத்த வாரம், 'போன வாரமே ஏன் சொல்லவில்லை' என்று அவள் கேட்டால் என்ன சொல்வது என்ற தயக்கம். பிறகு ஒவ்வொரு வாரமும் அந்தக் கேள்வி பெரிதாகிக்கொண்டே போயிற்று.

ஜனவரியில் இன்னும் மோசமாக ஒன்று நடந்தது. ஐனாவிடம் வழக்கமாகப் போகிற ஓய்வுபெற்ற ஆசிரியை டார்லாவிடம் வந்து, "ஐனா கை இப்பல்லாம் தளர்ந்துபோச்சும்மா, ரொம்ப சோர்வா இருக்கா" என்றார். ஒரு ஆள் நம் பக்கம் வந்தாயிற்று என்று டார்லாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். சோர்வு என்ற சொல் இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. அதற்குப் பிறகும் அவள் போன் செய்யவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் தன் கைகளையே பார்க்கப் பிடிக்காமல் கையுறை போட்டுக்கொள்வாள்.

சரி, இந்த வாரத்துக்கு வருவோம்.

பிப்ரவரி சனிக்கிழமை, பனிச்சறுக்குப் பந்தய நாள். பந்தயம் முடித்து வருகிறவர்களுக்குக் கால் பிடித்துவிட, பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் வருடா வருடம் மூன்று மேஜைகள் போடுவார்கள். ஒரு மேஜை டார்லாவுடையது, ஒன்று ஐனாவுடையது, மூன்றாவது பக்கத்து ஊர் லொரெட்டாவுடையது. யார் யாருடன் பேசுகிறார்கள் என்பதெல்லாம் பந்தயக் குழுவுக்குக் கவலையில்லை.

ஈரோ மனைவியின் மடக்கு மேஜையை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான்.

"நாளு பூரா ரெண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே. ஆயுதம் ஏதாவது எடுத்திட்டுப் போறியா?"

"எண்ணெய் மட்டும்தான்."

"அது போதும். வழுக்கி விழுந்தா அவளே எழுந்துப்பா." சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, கயிற்றைப் பார்த்தபடியே சொன்னான். "டார்லா, அக்காகூட நான் பேசாம இருக்கேன்னா அது உனக்காகத்தான். தப்பு அவமேலதான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா சனிக்கிழமை சவுனாவுல குடும்பமா நீராவிக் குளியலுக்கு உக்கார்றப்ப அவ இல்லாம ஒரு மாதிரி இருக்கு. இன்னிக்கு ஒரு வார்த்தை பேசிப் பாரேன். நீ சரின்னா சாயங்காலம் நான் சவுனா அடுப்பை மூட்டிடறேன்."

"ஈரோ, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"விடுதி விஷயம்னா வேண்டாம், கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு." அவள் கன்னத்தில் லேசாகத் தட்டினான். "கூடப் பொறந்தவன் பொண்டாட்டியையே ஏமாத்தினா அவ. நீ அப்படி யாருக்கும் செய்ய மாட்டே. அது எனக்குத் தெரியும்."

டார்லா எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

ஈரோவின் அப்பாவுக்குக் காதுக்குப் பின்னால் இப்படித்தான் ஒரு மச்சம் கறுத்தது, புற்றுநோய் என்றார்கள். சீக்கிரம் பார்த்து வெட்டி எடுத்ததால் மனிதர் இன்னும் பத்தொன்பது வருடம் ஏரியில் மீன் பிடித்தார். 'நல்லவேளை, சீக்கிரம் பார்த்தோம்' என்று அந்த வீட்டில் இன்றைக்கும் சொல்லிக்கொள்வார்கள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள்தான் டார்லா. அவளுக்குத் தெரியாமல் இல்லை.

விளையாட்டுக் கூடத்தில் லொரெட்டா நடு மேஜையைப் பிடித்திருந்தாள். அறுபத்து மூன்று வயது. முன்பு தபால் வண்டி ஓட்டியவள். வாயும் வண்டி மாதிரிதான், பிரேக் கிடையாது.

"நான் நடுவுல நிக்கறேன். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஏதாவது பறந்து வந்தா முதல்ல என்மேல படட்டும்" என்றாள்.

ஐனா சிரிக்கவில்லை. மெலிந்திருந்தாள். தலைமுடியை உச்சியில் முடிந்திருந்தாள். டார்லாவைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

பதினொரு மணிக்கு முதல் ஆள் நொண்டிக்கொண்டு வந்தான். அதன்பின் மூச்சுவிட நேரமில்லை. தொடை, ஆடுசதை, இடுப்பு, மறுபடி தொடை. ஈரக் கம்பளிக் காலுறைகளின் வாடையும் சுடச்சுடக் கொடுக்கிற புளூபெர்ரி சூப்பின் மணமும் கூடத்தில் சேர்ந்து மிதந்தன.

"லொரெட்டா, அவகிட்ட ஒரு துண்டு இருக்கான்னு கேளு."

"அவளுக்கு உன் குரல் நல்லாவே கேக்குது ஐனா."

"கேளு."

"டார்லா, துண்டு."

டார்லா துண்டை லொரெட்டாவிடம் கொடுத்தாள். லொரெட்டா கண்ணை மேலே உருட்டிக்கொண்டு ஐனாவிடம் கொடுத்தாள். பகல் முழுக்க இப்படியே தபால் நடந்தது.

ஒரு மணி வாக்கில் ஒரு பெரிய உருவம் ஐனாவின் மேஜையில் ஏறிப் படுத்த மறுநிமிடம் அலறியது. இரண்டு கால்களிலும் ஒரே நேரத்தில் சதை இழுத்துக்கொண்டது. ஐனா ஒரு காலைப் பிடித்தாள். மறுகாலை டார்லா வந்து பிடித்துவிட்டாள், யாரும் கூப்பிடவில்லை. குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தை முழங்காலைப் பார்த்து மடக்கி, இருவரும் ஒரே அளவாக அழுத்தினார்கள். ஐனா மூச்சை இழுத்தபோது டார்லாவும் இழுத்தாள். ஒன்பது வருடப் பழக்கம். அந்த மனிதர் அலறலை நிறுத்தி, கண்ணீரோடு நன்றி சொன்னார்.

"இப்படி ரெண்டு பேரும் சேர்ந்தே செய்வீங்களா?"

"இன்னிக்கு மட்டும்" என்றாள் ஐனா.

ஆனால் அவள் குரலில் பழைய முறுக்கு இல்லை. கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் காப்பிக் குவளை இரண்டோடு டார்லாவின் மேஜைக்கு வந்தாள். கக்கத்தில் காகிதப் பை. உள்ளே வீட்டில் செய்த நிசு என்கிற இனிப்பு ரொட்டி. ஏலக்காய் மணம் வந்தது.

பாதியாகப் பிய்த்து, பெரிய பாதியை நீட்டினாள்.

"டார்லா, நான் வளர்த்தாம சொல்லிடறேன். விடுதி விஷயத்துல நான் செஞ்சது அசிங்கம். உனக்கு என்னைவிட வயசு கம்மி, சுறுசுறுப்பு. ரெண்டு பேரும் போனா அவங்க உன்னைத்தான் வெச்சுப்பாங்கன்னு பயந்தேன். அதான் முந்திக்கிட்டேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு புதன்கிழமையும் கதவைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன், தெரியுமா?"

டார்லா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவங்ககிட்டப் பேசிட்டேன். மார்ச்சிலிருந்து பாதி நாள் உனக்கு. வேண்டாம்னு சொல்லாதே."

"ஐனா..."

"என்ன?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று டார்லாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் ஒருத்தி தன் தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு ரொட்டியும் கையில் கொடுத்திருக்கும்போது, அதைவிடப் பெரிய தப்பை எடுத்து எப்படி வைப்பது? வைத்திருக்கத்தான் வேண்டும். அவள் செய்தது, "சரி" என்று சொன்னது.

"சரியா? நிஜமாவா?" ஐனாவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்க்க முடியாமல் டார்லா குவளைக்குள் பார்த்தாள். அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டான். வந்தவனைப் பார்த்து அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியும் அவமானமாக இருந்தது.

மூன்று மணிக்குக் கடைசி ஆள் எழுந்து போனான். இனி கடைசி மேஜை.

அது இந்த மூவருக்குள் இருக்கிற வழக்கம். பந்தய நாளில் யாரும் வலியோடு வீட்டுக்குப் போகக் கூடாது. கதவைத் தாழிட்டுவிட்டு ஒருவர் படுக்க, மற்ற இருவரும் நாலு கையால் சேர்ந்து செய்வார்கள். இருவர் கையும் ஒரே வேகத்தில் போக வேண்டும், இல்லாவிட்டால் படுத்திருப்பவருக்குத் தலை சுற்றும். வருடம் முழுக்க ஒரே வாடிக்கைக்காரர்களுக்காக முட்டிக்கொள்கிறவர்கள், அந்த அரை மணி நேரம் மட்டும் ஒரே தாளத்தில் இருப்பார்கள்.

"முதல்ல ஐனா" என்றாள் லொரெட்டா. "நீதான் ரொம்ப வாடியிருக்கே."

ஐனா திரைக்குப் பின்னால் போய், போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து, குப்புறப் படுத்தாள். முகம் வைக்கும் வளையத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "முதுகு டார்லாவுக்கு. பன்னிரண்டு வாரமா காத்துக்கிட்டிருக்கு" என்றாள்.

"நான் காலைப் பார்க்கறேன்" என்றாள் டார்லா. "லொரெட்டா முதுகைப் பார்க்கட்டும்."

ஏன் அப்படிச் சொன்னாள்? அவளே பின்னால் தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி இது. லொரெட்டா பார்க்கட்டும், லொரெட்டா சொல்லட்டும். சொல்லிவிட்டால் ஐனாவுக்கு விஷயம் தெரிந்துவிடும், தான் பார்த்தது யாருக்கும் தெரியாமலே போய்விடும். அரை நொடியில் மனசு போட்ட கணக்கு. அவ்வளவு சுருக்காக அது வேலை செய்ததைப் பார்த்து அவளுக்கே கூசியது.

டார்லா ஐனாவின் குதிகால்களை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள். லொரெட்டா எண்ணெயைக் கையில் தேய்த்துச் சூடாக்கி, போர்வையை இடுப்புவரை மடித்துவிட்டாள்.

அவள் கை நின்றது.

லொரெட்டாவுக்கு முதல் பாடம், இரண்டாம் பாடம் எல்லாம் கிடையாது. "ஐனா, இது என்னடி? இந்த மச்சத்தை யாராவது பார்த்தாங்களா?"

"எந்த மச்சம்? அதுவா? அது ரொம்ப வருஷமா இருக்கே."

"இப்படியா இருந்தது? கறுப்பா, ஓரமெல்லாம் பிசிறிக்கிட்டு?"

"நான் எங்கே முதுகைப் பார்த்தேன்? என் முதுகு டார்லாவுக்குத்தான் தெரியும்." வளையத்துக்குள்ளிருந்து ஐனாவின் குரல் நிம்மதியாக வந்தது. "ஒன்பது வருஷமா பார்க்கறா. ஏதாவது இருந்தா அவ சொல்லியிருப்பா. எங்களுக்குள்ள ஆயிரம் சண்டை இருக்கும், அதை அவ சொல்லாம இருக்க மாட்டா."

லொரெட்டா மேஜையின் அந்தக் கோடியைப் பார்த்தாள். டார்லா தலையைக் குனிந்துகொண்டாள். கை மட்டும் ஐனாவின் குதிகாலில் இருந்தது. அது நின்றுபோய் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை.

"டார்லா" என்றாள் ஐனா. குரல் மாறியிருந்தது. "உன் கை ஏன் ஜில்லுன்னு ஆயிடுச்சு?"

டார்லா குதிகாலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

ஐனா போர்வையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். நெற்றியில் வளையத்தின் தடம் பதிந்திருந்தது.

"என்னைப் பாரு."

டார்லா பார்த்தாள்.

"நீ பார்த்திருக்கே."

"ஆமா."

"எப்போ?"

"நவம்பர்ல. அந்தக் கடைசிப் புதன்கிழமை. நீ உடுத்திட்டு வந்ததும் சொல்லணும்னுதான் நின்னேன். நீ வந்ததும் விடுதியைப் பத்திச் சொன்னே."

"சரி. அன்னிக்குக் கோபம். மறுநாள்?"

"மறுநாளும் கோபம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் வெட்கம்" என்றாள் டார்லா. "நாள் ஆக ஆகச் சொல்லவே முடியல. ஜனவரியில நீ சோர்வா இருக்கேன்னு கேள்விப்பட்டேன். அப்பவும் சொல்லல."

லொரெட்டா வாழ்க்கையில் முதல் முறையாக வாயைத் திறக்காமல் நின்றாள். எண்ணெய்க் கையைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"கொஞ்ச நேரம் முன்னாடி உன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன்" என்றாள் ஐனா. கத்தவில்லை. நவம்பரில் போலக் கத்தியிருந்தால் டார்லாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "ரொட்டி கொடுத்தேன். நீ வாங்கிக்கிட்டு, சரின்னு சொன்னே."

"ஆமா."

"அந்த மனசு எப்படி டார்லா வந்தது உனக்கு?"

"தெரியல. நீ எனக்குச் செஞ்சது வேற, ஐனா. நான் செஞ்சதை அதோட சேர்த்து வெக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்ல."

ஐனா போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். வெளியே ஒலிபெருக்கியில் யாரோ பரிசு வாங்கியவர்களின் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவள் யோசித்தது டார்லாவைப் பற்றி அல்ல என்று அவள் அடுத்துக் கேட்டதில் தெரிந்தது.

"எழுதி வெச்சிருக்கியா?"

"என்ன?"

"நீ எல்லாத்தையும் எழுதுவியே. அன்னிக்கு எழுதினியா? டாக்டர் கேப்பாங்க, எப்போ மாறிச்சு, எவ்வளவு இருந்ததுன்னு. அப்பாவுக்கும் அதைத்தான் கேட்டாங்க. எனக்குத் தெரியாது. என் முதுகைப் பத்தி உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது."

"எழுதியிருக்கேன். தேதி, நிறம், எல்லாம்."

"அளவு?"

"என் சுண்டு விரல் நகத்துல பாதின்னு எழுதினேன்."

ஐனா திரும்பி உட்கார்ந்தாள். போர்வையைத் தோளிலிருந்து கீழே இறக்கினாள். அவள் முதுகில் எலும்புகள் நவம்பரைவிடத் தெளிவாகத் தெரிந்தன.

"வெச்சுப் பாரு. இப்ப எவ்வளவுன்னு சொல்லு. பொய் சொல்லாதே."

டார்லா கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனாள். சுண்டு விரலை மச்சத்தின் மேல் வைத்தாள். நகம் முழுவதும் வைத்தும் அது மூடவில்லை. மேலே ஒரு கறுப்பு ஓரம் வெளியே நின்றது.

"நகத்தைவிடப் பெரிசா இருக்கு" என்றாள்.

ஐனாவின் முதுகு ஒருமுறை ஏறி இறங்கியது. "திங்கட்கிழமை அந்தக் குறிப்பேட்டை எடுத்திட்டு வா, டாக்டர்கிட்டப் போவோம். நீயே வண்டி ஓட்டு. இதுக்காக உன்னோட ராசியாயிட்டேன்னு நினைச்சுக்காதே. எனக்கு அந்தக் காகிதம் வேணும், அதான்."

"வர்றேன்."

அப்போது கதவு தட்டப்பட்டது. மேஜையை ஏற்ற வந்த ஈரோ, தாழிட்ட கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து உற்சாகமாகக் குரல் கொடுத்தான்.

"உள்ளே என்ன நடக்குது? ரெண்டு பேரும் பேசிட்டீங்கன்னு வெளியே எல்லாரும் சொல்றாங்க. அக்கா, வீட்டுல சவுனா அடுப்பை மூட்டிட்டுத்தான் வந்திருக்கேன். இன்னிக்கு நீ வந்தே ஆகணும்."

லொரெட்டா கதவைப் பார்த்தாள், டார்லாவைப் பார்த்தாள். டார்லாவின் விரல் இன்னும் அந்த மச்சத்தின் மேலேயே இருந்தது.

ஐனா போர்வையை மேலே இழுத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"எனக்காகக் காத்திருக்கான் அவன். இதை நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

டார்லா கையை எடுத்துக்கொண்டு, தாழைத் திறக்கப் போனாள்.